தோன்றா எழுவாய்

ஒருவரை 'வா' என்று அழைக்க எங்கள் ஊரில் நாலு படி இருந்தது. அடிப்படியில் 'வாலே'. கூட விளையாடுகிற பயலுக்கு, தம்பிக்கு, செல்லம் மிஞ்சும்போது பேரனுக்கு. அடுத்த படி 'வா'. அதற்கு மேலே 'வாரும்'. இது திருநெல்வேலிச் சீமையில் புழங்குகிற படி. பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு, மைத்துனருக்கு, வயதொத்த சம்பந்தக்காரருக்கு என்று மரியாதையும் உரிமையும் பாதிப்பாதி கலந்து வரும். உச்சிப்படியில் 'வாங்க'. பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே இந்த நாலு படியிலும் கால் இடறாமல் ஏறி இறங்க எனக்குத் தெரிந்திருந்தது. வாய்ப்பாட்டில் பிழை விட்டிருக்கிறேன், 'ற'கர 'ர'கரத்தில் பிழை விட்டிருக்கிறேன். யாருக்கு எந்தப் படி என்பதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அதை யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவரும் இல்லை.

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே கரிசல்காட்டு ஊர். 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிகிறவரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். மானாவாரி நிலம். கம்பும் பருத்தியும் உளுந்தும் போடுவார்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ளும். பத்தடி நடப்பதற்குள் இரண்டு காலிலும் களிமண் செருப்பு ஏறிவிடும்.

வீட்டுத் திண்ணையைத் தாண்டினால் தார்சா. அங்கே தூணில் சாய்ந்து ஆச்சி உட்கார்ந்திருப்பாள். பல் போன நாளிலிருந்து அவளுக்கு வெற்றிலையை இடித்துத்தான் போட வேண்டும். கைப்பிடி அளவில் ஒரு இரும்பு உரல், அதற்கு ஒரு சின்ன உலக்கை. டொக், டொக், டொக் என்று நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குச் சுவர்க்கடிகாரம் வருவதற்கு முன்பு அதுதான் எங்கள் கடிகாரம். சத்தம் கேட்டால் வீடு சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் புஞ்சையில் வேலை பார்த்த ஒரு பெரியவர், வாரத்தில் நாலைந்து நாள் வீட்டுக்கு வருவார். அறுபது வயதிருக்கும். கீழத்தெருக்காரர். முடுக்குத் திரும்பும் இடத்தில் இருக்கிற வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தில் வந்து நின்று, லேசாக ஒரு செருமல் செருமுவார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அவர் பேரைச் சொல்லி, "ஆச்சி, இன்னான் வந்திருக்கான்" என்று உள்ளே குரல் கொடுப்பேன். ஆறு வயதுப் பிள்ளை. அவரோ என்னைப் பார்த்து, "சின்னய்யா, ஆச்சி இருக்காகளா?" என்று கேட்பார். அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. ஆறு வயதில் அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது போதும்.

'அவரை அவன் என்று சொல்லு' என்று வீட்டில் ஒருவரும் எனக்குக் கட்டளை போட்டதில்லை. இழிவாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆச்சி நல்ல மனுசி. பொங்கலுக்கு அவருக்கு வேட்டி எடுத்து வைக்காமல் தனக்குச் சேலை எடுக்க மாட்டாள். அவர் சம்சாரம் காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் பிள்ளைக்குக் காதைவிடக் கண்தான் முதலில் திறக்கிறது. அந்தக் கண் வேறு எதையெல்லாமோ பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் 'வாங்க' படிக்காரர் என்றால் அம்மா டம்ளரைக் கையில் கொடுப்பாள். 'வாரும்' படி என்றால் செம்பைத் திண்ணையில் வைப்பாள். அவர் எடுத்து அண்ணாந்து குடிப்பார். பெரியவர் என்றால் செம்பு கீழே இறங்காது. அவர் குனிந்து இரண்டு கையையும் குவிப்பார். தண்ணீர் மேலிருந்து கம்பிபோல் விழும். செம்புக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். காப்பி என்றால் தொழுவத்து எரவாணத்தில் செருகியிருக்கும் அலுமினியப் போணியை அவரே எடுத்துக் கழுவி நீட்டுவார். கூலியைத் திண்ணையில் வைத்தால்தான் அவர் எடுப்பார்.

இன்னொன்று, அப்போது எனக்குப் பேர் தெரியாத ஒன்று. வெளி ஆம்பளை யார் வந்தாலும் அம்மாவின் கை தன்னால் தோளுக்குப் போய் மாராப்பைச் சரிசெய்யும். தபால்காரருக்குப் போகும், பால்காரருக்குப் போகும். பெரியவர் வந்து நின்றால் அந்தக் கை போகாது. மாவாட்டுகிற கை மாவாட்டிக்கொண்டே இருக்கும். முற்றத்தில் ஒரு ஆள் வந்து நிற்பதாகவே அந்தக் கைக்குத் தெரியாது.

கீழத்தெரு வழியாகக் காட்டுக்குப் போகும்போதும் இப்படித்தான். என் கையைப் பிடித்திருக்கிற அம்மாவின் பிடி கிணற்றடிப் பக்கம் வந்ததும் கொஞ்சம் இறுகும். தெருவைத் தாண்டியதும் தளரும். அம்மாவைக் கேட்டிருந்தால், அப்படியா என்று ஆச்சரியப்பட்டிருப்பாள். அவளுக்கே தெரியாமல் அவள் விரல் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

1985-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் காம்போஸ் முதலியவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நான் ஆறாம் வகுப்பில் இருந்த அதே வருடம். கண்ணாடி பதித்த ஒரு மேசை. பாதித் தூரத்துக்கு மேல் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தையை இந்தப் பக்கம் விட்டு, அம்மாவை அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அம்மா வாய் திறக்கக் கூடாது, முகம் மட்டும்தான். சிரித்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து அக்கரைக்குப் போயின. பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. பள்ளம் உண்மையா பொய்யா என்று குழந்தை பள்ளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றடியில் என்ன பள்ளம் இருந்தது என்று நானும் குனிந்து பார்த்தவனில்லை.

அந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தமிழய்யா மாற்றலாகி வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, முழங்கைவரை சுருட்டிய வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. கோவில்பட்டியில் வாடகைக்கு இருந்தார். செய்யுளைப் பாடித்தான் நடத்துவார். மதியம் சத்துணவுக்கு நாங்கள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தால் அவரும் ஒரு சுற்று வந்து, "யாருக்குலே பத்தலை?" என்று கேட்பார். பத்து வயதைத் தாண்டிய எங்களுக்கெல்லாம் அதற்கு முந்தின வருடம்தான் சத்துணவு வந்திருந்தது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றைத் தின்றோம். அங்கே எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லார் முகமும் சிரித்த முகமாக இருந்தது.

பாரதி நினைவுநாளை ஒட்டி எட்டயபுரத்தில் ஒப்புவித்தல் போட்டி. தமிழய்யா எனக்குப் பாப்பா பாட்டைப் பழக்கினார். சாதியைப் பற்றி வருகிற இடத்தில் குரலை உயர்த்தாதே, தாழ்த்து என்றார். "கத்திச் சொன்னா கேக்கிறவன் காதைப் பொத்துவான். பிள்ளைகிட்டச் சொல்லுத மாதிரிச் சொல்லு." பாரதி புதுச்சேரியில் இருந்தபோது 1913-இல் கனகலிங்கம் என்கிற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டுவிட்ட கதையையும் அப்போதுதான் சொன்னார். பேருந்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். முதல் பரிசு எனக்கு. ஒரு எவர்சில்வர் டம்ளர். என் பேர், வருடம், போட்டியின் பேர் எல்லாம் அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. ஆச்சி அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி தார்சா மாடத்தில் வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல். முற்றத்தில் செருமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியவர் கையில் தாம்பாளத்தோடு நிற்கிறார். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவருக்குப் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை கரிசல் மண்ணோடு தமிழய்யா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே எனக்குத் தெரியாது. படித்ததெல்லாம் வெளியூர் விடுதியில், வேலை பார்த்ததும் வெளி மாவட்டத்தில். பெரியவரின் மகன் வாத்தியார் வேலைக்குப் போயிருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

பெரியவரின் செருப்பு வழக்கம்போல வேப்பமரத்தடியில். தமிழய்யாவின் செருப்பு திண்ணைப் படிக்குக் கீழே. ஆச்சியின் கண் முதலில் அங்கேதான் போனது.

இப்போது ஆச்சி என்ன சொல்வாள்? பெரியவர் மகனுக்கு என்றால் 'வா'. பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்றால் 'வாங்க'. அந்த ஒரு விநாடியில் ஆச்சி நாலு படியையும் தாண்டி, நான் அதுவரை கவனித்திராத ஒரு சந்தில் நுழைந்தாள்.

"வந்தாச்சா?"

அதற்குப் பிறகு ஆச்சி பேசியது எல்லாமே அப்படித்தான் இருந்தது. "மழைக்குள்ள வந்தாச்சே." "உக்காரலாமே." "கல்யாணம் எப்ப வச்சிருக்கு?" "பத்திரிகையைத் திண்ணையில வச்சாப் போதும்." ஒரு வாக்கியத்திலும் 'நீ' இல்லை, 'நீங்க' இல்லை. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தார்சாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பாரதி பாட்டென்றால் கண் கலங்குகிற அப்பா, "நல்லது, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். நெற்றி மறைகிற அளவுக்கு.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். எதில் என்றுதான் நான் பார்த்தேன். மற்ற வாத்தியார்கள் வந்தால் டவரா டம்ளர். பெரியவருக்கு எரவாணத்துப் போணி. அம்மா கையில் இருந்தது ஒரு கண்ணாடி கிளாஸ். அப்படி ஒரு கிளாஸ் எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அலமாரியில் பின்வரிசையில் எங்கோ தூசி படிந்து கிடந்திருக்க வேண்டும். ஆச்சியின் நாக்குக்கு ஒரு 'வந்தாச்சா' கிடைத்ததுபோல் அம்மாவின் கைக்கு அந்த கிளாஸ் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் கலந்து பேசவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக்கூட இல்லை. அவர்கள் தலைக்கு மேல் மாடத்தில், தமிழய்யா பழக்கி நான் வாங்கிய பரிசு டம்ளர் பளபளவென்று இருந்தது.

தமிழய்யா உட்காரவில்லை. தன் அப்பா முற்றத்தில் நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்? கிளாஸை வாங்கினார். ஒரு கணம் பார்த்தார். திரும்பி, முற்றத்தில் நின்ற பெரியவரிடம் நீட்டினார்.

"அப்பா, நீங்க குடிங்க."

உரல் சத்தம் நின்றது.

எங்கள் முற்றத்தில் அந்த மனிதருக்கு 'நீங்க' போட்டு நான் கேட்ட முதல் வாக்கியம் அது. பெரியவர் கிளாஸைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. ஆச்சியைப் பார்த்தார். "நீ குடிய்யா, நீ குடி" என்று முனகினார். காப்பியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தமிழய்யா அதைத் திண்ணை விளிம்பில், ஒரு சொட்டுக் குறையாமல் வைத்தார். "அவசியம் வரணும்" என்று கைகூப்பிவிட்டுப் போனார். உரல் மறுபடி இடிக்கத் தொடங்கியது. அந்த கிளாஸை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. மொய் மட்டும் ஆள்மூலம் போனது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை அவரைக் கண்டதும் ஓடிப்போய், "ஐயா, நோட்டைத் திருத்திட்டீங்களா?" என்று கேட்டவன் நான். திங்கட்கிழமை தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நோட்டு திருத்தியாச்சா?"

யோசித்துச் சொன்னதில்லை. மனதில் அவர்மேல் ஒரு துளி மரியாதை குறைந்ததாக எனக்குத் தெரியவே இல்லை. கேட்டிருந்தால், உலகத்திலேயே எனக்குப் பிடித்த வாத்தியார் அவர்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். மனம் ஒன்று சொல்ல, நாக்கு வேறெங்கோ பாடம் கேட்டு வந்திருந்தது. 'ஐயா'வும் எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "ம், திருத்தியாச்சு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. "மணி அடிச்சாச்சு." "புஸ்தகம் எடுத்தாச்சு." நான் அந்தச் சந்தில் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இலக்கண வகுப்பு. எழுவாய், பயனிலை. கரும்பலகையில் மூன்று வாக்கியம் எழுதினார். ஒன்று, 'வா.' இரண்டு, 'வாருங்கள்.' மூன்றாவதை எழுதும் முன் சாக்பீஸைக் கொஞ்சநேரம் விரலில் உருட்டினார். 'வந்தாயிற்றா?'

"ஒண்ணாவதுல எழுவாய் எது?"

"இல்லைய்யா" என்றது வகுப்பு.

"இருக்கு. தெரியலை. யாரைக் கூப்பிடுதோம்? 'நீ வா.' அந்த 'நீ' மறைஞ்சு நிக்கு. இதுக்குத் தோன்றா எழுவாய்னு பேர். ரெண்டாவதுல?"

"நீங்கள்!"

"எப்படித் தெரிஞ்சது?"

"வாருங்கள்னு இருக்கே ஐயா."

"அதான். ஆள் மறைஞ்சு நின்னாலும் வினைமுற்று காட்டிக் கொடுத்திரும். மூணாவதுல?"

ஒருவன் 'நீ' என்றான். இன்னொருவன் 'நீங்கள்' என்றான். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் 'அவர்' என்றான்.

"எதை வேணா வச்சுக்கிடலாம் போலயே! 'வந்து ஆயிற்று.' ஆயிற்றுங்கிறது என்ன திணை?"

"அஃறிணை."

"வந்த காரியம் முடிஞ்சதாச் சொல்லுது. வந்த ஆளைப் பத்தி இதுல ஒரு எழுத்து இருக்கா? இல்லை. முதல் ரெண்டுலயும் எழுவாய் மறைஞ்சிருக்கு." சாக்பீஸால் மூன்றாவதன் கீழே ஒரு கோடு இழுத்தார். "இதுல மறைச்சிருக்கு. ரெண்டும் வேற."

பிறகு, பாடத்துக்குச் சம்பந்தமில்லாததுபோல் சொன்னார்: "நன்னூல்காரர் உயர்திணையில யார் யாரைச் சேர்த்திருக்காருன்னு தெரியுமால? மக்கள், தேவர், நரகர். நரகத்துல கிடக்கிறவனுக்கும் உயர்திணைதான்."

துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். வகுப்பு முழுக்க அவர் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. என் காது மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் ஒரு முடிவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் வந்தார். செருமினார். நான் எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்: "வாங்க தாத்தா."

அவர் திரும்பி முடுக்கைப் பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

உள்ளே உரல் சத்தம் நின்றது.

அவ்வளவுதான். ஆச்சி எழுந்து வரவில்லை, அதட்டவில்லை. மூன்று எண்ணுவதற்குள் டொக், டொக் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குப் பணியாரம்கூடச் சுட்டுக் கொடுத்தாள். ஆனால் அந்த மூன்று எண்ணிக்கைக்குள் எனக்கு வயிறு ஒட்டிப்போனது. தமிழய்யா ஒரு வகுப்பு முழுக்க நடத்திய பாடத்தை அந்த நிசப்தம் அழித்துவிட்டது. அடுத்தமுறை பெரியவர் வந்தபோது என் வாயில் என்ன வந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். "வந்தாச்சா?" அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்துத் தமிழய்யா மாற்றலாகிப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த விகுதியில் கேட்டிருப்பேன் என்றும் தெரியவில்லை. தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லும் அரசியலமைப்பின் 17-வது பிரிவு 1950 ஜனவரி 26-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. போணிக்கும் செம்பின் உயரத்துக்கும் அதையொட்டிய சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டுவிடலாம். 'வந்தாச்சா'வுக்கு எந்தப் பிரிவில் போடுவது?

'நீ' என்ற சொல்லில் குற்றமில்லை. அம்மாவையும் 'நீ' என்கிறோம், சாமியையும் 'நீ' என்கிறோம். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' பற்றி 1960-இல் எழுதிய ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் இதைத்தான் காட்டினார்கள்: ஒரே சொல் நெருக்கத்துக்கும் ஆகும், அதிகாரத்துக்கும் ஆகும். எது எதுவென்று சொல் காட்டாது. செம்பின் உயரம் காட்டும்.

கல்லூரி நாளில் ஒரு குதிரையின் கதையைப் படித்தேன். 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஃபான் ஓஸ்டன் என்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்றொரு குதிரை வைத்திருந்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் காலைத் தட்டி விடை சொல்லும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற உளவியலாளர் சூட்சுமத்தை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. கேட்கிறவரைப் பார்க்க முடியாமல் மறைத்தாலும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை மயிரிழை அசையும். அதைப் பார்த்துத்தான் குதிரை காலை நிறுத்தியது. ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் இல்லை. தான் அசைவது அவருக்கே தெரியாது.

படித்ததும் எனக்கு உரல் சத்தம்தான் கேட்டது. நான் எங்கள் வீட்டு ஹான்ஸ். ஆச்சியும் ஏமாற்றுக்காரி இல்லை. கை நின்றது அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. விஷயத்தைக் கண்டுபிடித்த பிறகும், குதிரை முன்னால் நின்றபோது ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை அடக்க முடியவில்லை. தெரிந்துகொண்டால் போதும், திருந்திவிடலாம் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

2013. சென்னையில் அடுக்குமாடி வீடு. மகளுக்கு ஆறு வயது. தாழ்ப்பாள் எட்டுகிற உயரம் வந்ததிலிருந்து அழைப்புமணி அடித்தால் அவள்தான் ஓடுவாள். பக்கத்து வீட்டு அம்மா வந்தால் "வாங்க ஆன்ட்டி". என் நண்பர்கள் வந்தால் "வாங்க மாமா". காலையில் வீட்டுவேலைக்கு வருகிற அக்காவும் வருவார். ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். கதவைத் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்து வந்துவிட்டாள்.

எனக்குத் திக்கென்றது. இந்த வீட்டில் எரவாணம் இல்லை, போணி இல்லை. அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே டம்ளர்தான். "வாங்கக்கா" என்று நான் தவறாமல் சொல்கிறவன். சிறுவயதுக் கடனைத் தீர்க்கிறதுபோல அழுத்திச் சொல்கிறவன். பிறகு இவள் எங்கே கற்றாள்?

மறுநாள் என்னையே கவனித்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். "வாங்கக்கா" என்றேன். சொல்லும்போது கண் செல்போனில் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி திரும்பியிருந்தேன். என்னுடைய 'வாங்க'வைக் கேட்டது அந்தச் செல்போன்தான். அக்கா பார்த்தது என் முதுகை. மகள் தினமும் அதைத்தான் பார்த்திருக்கிறாள். சொல்லை விட்டுவிட்டாள், முதுகை எடுத்துக்கொண்டாள்.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்லவில்லை. புத்தி சொல்லி நடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து செல்போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். அக்கா செருப்பைக் கழற்றுகிறவரை நின்றேன். 'பஸ் கிடைச்சுதா', 'பையனுக்குக் காய்ச்சல் விட்டதா' என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேன். எத்தனை நாள் ஆனது என்று கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் காலை குளியலறையில் இருந்தேன். கதவு திறக்கிற சத்தமும் மகள் குரலும் கேட்டன. "வாங்கக்கா. இன்னிக்கு பஸ் கிடைச்சுதா?"

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அதே அக்காதான் இன்றும் வருகிறார். மகள் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாளா, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா என்று நான் இப்போது பார்ப்பதில்லை. நான் எழுந்திருக்கிறேனா என்றுதான் பார்த்துக்கொள்கிறேன்.

வாரத்தில் ஒருநாளாவது மறந்துபோகிறது.